பழைய கிட்டாரைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள்

பெரியப்பாவின் கிட்டாரை நான் கெடுத்தது 1998 டிசம்பர் விடுமுறையில். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. ஈசூன் அடுக்குமாடி வீட்டின் நடைபாதையில் பழைய செய்தித்தாள்களை விரித்து, தந்திகளையும் குமிழ்களையும் கழற்றி ஒரு மைலோ டின்னில் போட்டுவிட்டு, உப்புத்தாளால் இரண்டு நாள் தேய்த்தேன். சிவப்பு வண்ணம் மாவாக உதிர்ந்து என் கால் விரல் இடுக்குகளில் எல்லாம் ஒட்டிக்கொண்டது. பிறகு காருக்கு அடிக்கும் கறுப்பு ஸ்பிரே வண்ணத்தை மூன்று பூச்சு அடித்துக் காயவைத்து, பெருமையோடு பெரியப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

"நன்றாகத்தான் இருக்கிறது அம்மாடி" என்றார். கையில் வாங்கி மடியில் வைத்தார். வலது முழங்கை படுகிற மேல் விளிம்பை விரலால் ஒருமுறை தடவினார். திருப்பிக் கொடுத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டார். அந்த விரல் எதைத் தேடியது என்பது எனக்கு விளங்க எட்டு ஆண்டுகள் ஆயின.

பெரியப்பா செம்பவாங் கடற்படைத் தளத்தில் எழுத்தராக இருந்தவர். 1961இல் பிரிட்டிஷ் பாடகர் கிளிஃப் ரிச்சர்டும் அவரோடு வாசித்த ஷேடோஸ் குழுவும் சிங்கப்பூருக்கு வந்துபோன பிறகு இளைஞர்களுக்குக் கிட்டார் பித்துப் பிடித்தது என்று அடிக்கடி சொல்வார். ஷேடோஸ் குழுவின் ஹேங்க் மார்வின் கையில் இருந்தது அமெரிக்காவின் ஃபெண்டர் நிறுவனம் செய்த சிவப்பு ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டார். எழுத்தர் சம்பளத்தில் அதை நினைத்துப் பார்க்க முடியாது. சிவப்பாக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு ஜப்பானியக் கிட்டாரைத் தவணையில் வாங்கினார். தளத்துக் கோயில் திருவிழாவிலும் கல்யாண வீடுகளிலும் மெல்லிசைக் குழுவோடு அதை வாசித்தார். நான் தேய்த்து எறிந்தது முப்பது ஆண்டு அவர் முழங்கை உராய்ந்து மரம் தெரிந்த இடத்தை.

2006இல் அந்தக் கிட்டாரில், தந்தியின் அதிர்வை மின்னலையாக மாற்றும் பிக்கப் ஒன்று ஊமையாகிவிட்டது என்று, சிட்டி ஹால் பக்கம் சிறிய பட்டறை வைத்திருந்த வயதான சீனப் பழுதுபார்ப்பாளர் ஒருவரிடம் அதைக் கொண்டுபோனேன். தந்திகளின் வால் முனையைப் பிடித்திருக்கும் உலோகத் தகட்டைக் கழற்றினார். 1998இல் அந்தத் திருகு துருப்பிடித்துக் கழலாததால் நான் தொடாமல் விட்ட இடம் அது. தகட்டின் அடியில் இரண்டு விரல் அகலத்துக்குப் பழைய வண்ணம் அப்படியே இருந்தது. எனக்கு நினைவில் இருந்த வெளிறிய செங்கல் நிறம் அல்ல. கனிந்த செர்ரி போல, ஈரமாக இருக்கிறதோ என்று தொட்டுப் பார்க்கத் தோன்றும் சிவப்பு. அவர் விளக்கைச் சாய்த்துப் பிடித்து என்னைப் பார்க்கச் சொன்னார். "யார் தேய்த்தது?" என்றார். நான் என்றேன். "அதற்கு முன் வாசித்தவர்?" என் பெரியப்பா என்றேன். "எத்தனை வருடம்?" என்றார். சொன்னேன். அவர் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. பிக்கப்பைச் சரிசெய்து கொடுத்து இருபது வெள்ளி வாங்கிக்கொண்டார்.

அன்றிலிருந்து பழைய மின்கிட்டார்களை உற்றுப் பார்க்கிறேன். வாசிப்பில் நான் சுமார்தான். பார்ப்பதில் இருபது ஆண்டு உழைப்பு இருக்கிறது. பெனின்சுலா ஷாப்பிங் சென்டரின் கடை வரிசையில் சனிக்கிழமைகளைக் கழித்திருக்கிறேன். 2017 ஜூலையில் மூடப்படும்வரை சுங்கை ரோடு சந்தையில் தரையில் கிடந்தவற்றைக் குந்தி உட்கார்ந்து புரட்டியிருக்கிறேன். சேகரிப்பாளர்கள் சிலர் நம்பி என் கையில் கொடுத்திருக்கிறார்கள். இதில் எனக்குத் தெளிவான ஒன்று: பழைய கிட்டாரின் அழகில் ஒவ்வொரு துளிக்கும் ஒரு காரணம் உண்டு. மரம், சாயம், வியர்வை, வெயில், அதைச் செய்தவரின் தொழில், வைத்திருந்தவரின் பழக்கம். காரணம் தெரியத் தெரியப் பிடித்தம் கூடுகிறது, ஏமாறுவதும் குறைகிறது.

டெலிகாஸ்டரை எடுத்துக்கொள்ளுங்கள். 1950இல் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டனில் லியோ ஃபெண்டர் விற்பனைக்குக் கொண்டுவந்தார். முதலில் வேறு பெயர்களில் இருந்து, 1951இல் இந்தப் பெயர் நிலைத்தது. அவர் வானொலி பழுதுபார்த்தவர், கிட்டார் வாசிக்கத் தெரியாதவர். அது அந்த வடிவத்தில் எழுதியிருக்கிறது. தட்டையான ஒரு பலகை, நான்கு திருகுகளால் முடுக்கிய கழுத்து, கெட்டால் கழற்றி மாற்றிக்கொள்ளலாம். முதன்முதலில் பார்த்தபோது அரிவாள்மனைப் பலகை போல இருக்கிறதே என்று கடந்துபோனேன். இன்று ஒரே ஒரு பழைய கிட்டாரை நாள் முழுதும் பார்த்துக்கொண்டிரு என்றால் டெலிகாஸ்டரைத்தான் கேட்பேன். அலங்காரம் இல்லாததால் காலம் எழுதுவதற்கு அதில் இடம் நிறைய. மேப்பிள் மரத்து விரல்பலகையில் விரல் பட்ட இடமெல்லாம் வார்னிஷ் போய், சாம்பல் நிற நீள்வட்டங்கள் விழுந்திருக்கும். மூன்று தலைமுறை கால் வைத்த வாசற்படியின் நடுவில் பள்ளம் விழுந்திருக்குமே, அந்த மாதிரி. எந்த ஃபிரெட்டுகளில் (விரல்பலகையின் குறுக்கே கம்பி பதித்துப் பிரித்த கட்டங்கள்) வட்டம் ஆழமாக இருக்கிறதோ, அந்தச் சுதிகளில்தான் அந்த மனிதர் அதிகம் வாசித்திருக்கிறார்.

ஸ்ட்ராட்டோகாஸ்டர் 1954இல் வந்தது. டெலிகாஸ்டரின் விளிம்பு விலாவில் குத்துகிறது என்று வாசிப்பவர்கள் சொன்னார்கள். அதனால் இதன் பின்புறத்தில் வயிறு பதிய ஒரு குழிவு, முன்புறத்தில் முழங்கை சாய ஒரு சரிவு. வடிவமைப்பில் பங்கெடுத்த ஃபிரெடி டவாரெஸ் ஹவாயில் பிறந்த இசைக்கலைஞர். இரண்டு கொம்புகளும் அந்தச் சரிவுகளும் சேர்ந்து ஒரு நேர்க்கோடுகூட இல்லாத உடலாகிவிட்டது. கடையில் தொங்கும்போது இது என்னை அவ்வளவாக இழுப்பதில்லை. ஆயிரம் நகல்களைப் பார்த்துச் சலித்த கண். ஆனால் வாரை மாட்டிக்கொண்டு நின்றால் நிலைமை வேறு. என்னைப் போன்ற சிறிய உடம்புக்காரிக்கு அது இடுப்பில் குழந்தையைத் தூக்கி வைத்த மாதிரி உட்காருகிறது. ஆகவே படத்தைப் பார்த்து வடிவத்தை முடிவு செய்யாதீர்கள். வாரை மாட்டி, நின்று, முழுக்கண்ணாடி முன் பாருங்கள். ஒரு கிட்டாரின் தோற்றத்தில் பாதி, வைத்திருப்பவரின் உடம்பு.

காத்தோங்கில் ஒரு சேகரிப்பாளர் வீட்டில் 1963ஆம் ஆண்டு ஸ்ட்ராட்டோகாஸ்டர் ஒன்றை அரைமணி நேரம் மடியில் வைத்திருந்தேன். மூன்று நிற சன்பர்ஸ்ட்: நடுவில் மஞ்சள், சுற்றிச் சிவப்பு, விளிம்பில் கறுப்பு. 1958 வரை ஃபெண்டர் சன்பர்ஸ்டில் சிவப்பு கிடையாது; அதைச் சேர்த்த தொடக்கத்தில் வெயில் பட்டே பலவற்றில் சிவப்பு மறைந்துவிட்டது. இதில் சிவப்பு நின்றிருந்தது. வெள்ளையாகப் பிறந்த பிக்கார்டு (மீட்டும்போது உடல் கீறாமல் காக்கும் தகடு), செல்லுலாய்டு என்ற பழைய வகைப் பிளாஸ்டிக் என்பதால், பிஞ்சு வெண்டைக்காயின் உட்புறம் போல வெளிர்பச்சையாகி இருந்தது. சுருங்கியும் இருந்தது, ஒரு திருகைச் சுற்றி மயிரிழை விரிசல். முழங்கைச் சரிவில் உள்ளங்கை அகலத்துக்கு மரம் தெரிந்தது, அதன் ஓரத்தில் கறுப்பு, சிவப்பு, மஞ்சள் என மூன்று நிறங்களும் வெங்காயத் தோல் அடுக்குகள் மாதிரி ஒன்றன்கீழ் ஒன்றாக மெலிந்து போயிருந்தன. இந்த மெலிவை நினைவில் வையுங்கள். கை உராய்ந்த தேய்மானம் இப்படித்தான் படிப்படியாகப் போகும். வண்ணத்துக்கும் மரத்துக்கும் இடையே கத்தியால் வெட்டியது போல விளிம்பு இருந்தால் யாரோ உட்கார்ந்து சுரண்டியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம்.

அதே வீட்டில் 1950-களின் தங்கநிற லெஸ் பால் ஒன்றும் இருந்தது. கிப்சன் நிறுவனம் 1952இல் இந்த வகையைக் கொண்டுவந்தபோது மேற்பரப்பு முழுதும் தங்க வண்ணம். உண்மையில் தங்கம் இல்லை. வார்னிஷில் கலந்த வெண்கலத் தூள். மேல் பூச்சு தேய்ந்து வியர்வை படத் தொடங்கியதும் அந்தத் தூள் என்ன செய்யும்? நம் வீட்டுக் குத்துவிளக்கு செய்வதைத்தான் செய்யும். களிம்பு ஏறும். கை படும் இடத்தில் பாசி போல ஒரு பச்சை. பார்த்தவுடன் எனக்கு அம்மா வெள்ளிக்கிழமைகளில் புளி போட்டு விளக்கு தேய்ப்பது நினைவுக்கு வந்தது; என் கையும் பரபரத்தது. அந்தப் பரபரப்பைத்தான் அடக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். விளக்கைத் தேய்த்தால் விளக்கு மிஞ்சும். இதைத் தேய்த்தால் பூச்சே போய்விடும்.

லெஸ் பாலின் அழகு ஃபெண்டருக்கு நேர் எதிர்த் திசையில் இருக்கிறது. மஹோகனி முதுகு, மேலே மேப்பிள், வயலினைப் போல நடு உயர்ந்து விளிம்பு தாழ்ந்து செதுக்கிய வளைவு. 1958 முதல் 1960 வரை தங்கத்தை விட்டுவிட்டுச் செர்ரி சன்பர்ஸ்ட் அடித்தார்கள். ஒரே பலகையை இரண்டாக அறுத்துப் புத்தகம் போல விரித்து ஒட்டிய மேப்பிளின் அலையலையான நார் அப்போதுதான் வெளியே தெரிந்தது. அன்று சரியாக விற்கவில்லை. 1961இல் மெல்லிய, இரட்டைக் கொம்பு வைத்த வேறு உடலுக்கு மாறிவிட்டார்கள். அதற்கு எஸ்ஜி என்ற பெயர் பின்னால் வந்தது. அந்த மூன்று ஆண்டுச் சன்பர்ஸ்டுகளைத்தான் இன்று உலகம் கோடிக்கணக்கில் பேசுகிறது. காரணங்களில் ஒன்று சாயம் செய்த பிழை: சிவப்பு வெயிலில் நிற்கவில்லை. கடைக் கண்ணாடிக்குள் கிடந்தது எலுமிச்சை மஞ்சளானது, பெட்டிக்குள் கிடந்தது செர்ரியாகவே இருந்தது, இடையில் தேன் நிறம், தேநீர் நிறம். ஒரே தொழிற்சாலையில் பிறந்தும் ஒன்று மாதிரி ஒன்று இல்லை. 1960இல் வெளிறாத சிவப்புக்கு மாறினார்கள். அந்த நிறத்தையும் மதிக்கிறேன், ஆனால் என் மனம் வெளிறியதன் பக்கம்தான்.

சுவரில் மாட்ட லெஸ் பாலை மிஞ்ச எதுவும் இல்லை. தோளில் மாட்டினால் நான்கு கிலோவுக்கு மேல் இழுக்கும். வாங்குவதாக இருந்தால், தலைப்பகுதி கழுத்தோடு சேரும் இடத்தின் பின்புறத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். தலை பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால் கீழே விழுந்தால் முதலில் முறிவது அங்கேதான். நன்றாக ஒட்டியது வாசிப்பில் தொல்லை தராது; விலையில் மட்டும் பெரிய வேறுபாடு. ஒட்டியது ஒட்டியது என்று சொல்லி விற்கப்பட வேண்டும்.

மற்றவற்றில் கிரெட்ச் வெள்ளைப் பருந்து எனக்குக் கல்யாண மண்டப வாசல்: வெள்ளை உடல், தங்க முலாம், விளிம்பெல்லாம் மினுக்கும் பொன் தூள். அந்த மினுக்கு, அந்த நிறுவனம் டிரம் செய்தபோது டிரம்மின் மேல் ஒட்டிய அதே பொருள். மேடையில் கம்பீரம், பக்கத்தில் வைத்துப் பார்க்கக் கொஞ்சம் அதிகம். கிப்சனின் 1958ஆம் ஆண்டு ஃபிளையிங் வி, எக்ஸ்ப்ளோரர் இரண்டும் கூர்முனைகள். எதிர்காலம் இப்படி இருக்கும் என்று அன்று நினைத்த துணிச்சலுக்காகவே பிடிக்கும். அதே கிப்சனின் ஃபயர்பேர்டை 1963இல் வரைந்தவர் ரே டீட்ரிக், ஓய்வுபெற்ற கார் வடிவமைப்பாளர். கழுத்து மரம் உடலின் நடுவே வால்வரை ஓட, இரண்டு பக்கமும் இறக்கை ஒட்டியது போன்ற உடல். பக்கவாட்டில் வைத்துப் பார்த்தால் நீண்ட காரின் பின்பாகத்தை நினைவுபடுத்தும். இதை ஒருமுறையாவது கையில் எடுத்துப் பாருங்கள்.

கார் என்றதும் நிறத்துக்கு வர வேண்டும். நான் பணம் இழந்ததும் நிறத்தில்தான்.

ஃபெண்டர் 1950-களிலும் 60-களிலும் தனி நிறம் கேட்பவர்களுக்கு 5 விழுக்காடு கூடுதல் விலை வாங்கிக்கொண்டு, டூபாண்ட் நிறுவனத்தின் கார் வண்ணங்களை அடித்துக் கொடுத்தது. ஃபியஸ்டா ரெட் ஃபோர்டு காரில் இருந்தது. சோனிக் ப்ளூ கேடிலாக்கில் இருந்தது. இந்த நிறங்களின் மேல் அடித்த நிறமற்ற நைட்ரோசெல்லுலோஸ் வார்னிஷ் பூச்சு (சுருக்கமாக நைட்ரோ) வயதாக ஆக மஞ்சளாகும். வெள்ளை நெய் நிறமாகிறது. வெளிர்நீலம் பச்சை சாய்கிறது. கண் பார்க்கும் பச்சையை எந்தத் தொழிற்சாலையும் அடிக்கவில்லை. நீலமும் வருடங்களும் சேர்ந்து அதைச் செய்திருக்கின்றன. இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து பச்சையாகிப்போன நீலத்தின் மேல் எனக்குத் தீராத ஆசை.

அந்த ஆசையோடுதான் 2013இல் ஒரு மஸ்டாங் வாங்கினேன். மாணவர்களுக்கென்று ஃபெண்டர் 1964இல் கொண்டுவந்த சிறிய கிட்டார். தந்தியின் நீளம் 24 அங்குலம், என் விரல்களுக்கு இதம். விற்றவர் 1965ஆம் ஆண்டுடையது, வண்ணம் அசல் என்றார். கேட்டது 3,800 வெள்ளி. ஓர் எம்ஆர்டி நிலையத்தின் வெளியே, இரவு எட்டு மணிக்கு, வெண்குழல் விளக்கின் கீழ் பார்த்தேன். பச்சை சாய்ந்த நீலம். வெண்முத்து மினுமினுப்புள்ள பிக்கார்டு. மனம் உடனே சம்மதித்துவிட்டது. பணத்தை எண்ணிக் கொடுத்து, டாக்சியில் மடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் காலை நடைபாதையில், கிழக்கு வெளிச்சத்தில் அதை வைத்தபோது ஏதோ நெருடியது. பச்சை எங்கும் ஒரே அளவாக இருந்தது. பிக்கார்டைக் கழற்றினேன். அதன் அடியில் வெளிச்சமும் காற்றும் குறைவாகவே போயிருக்கும். நீலம் நீலமாக இருக்க வேண்டும். அங்கேயும் அதே பச்சை. திருகுத் துளைகளுக்குள் வண்ணம் வழிந்து உறைந்திருந்தது. துளைக்குப் பிறகு அடித்த பூச்சு என்றுதானே பொருள்? யாரோ மஞ்சள் கலந்த வார்னிஷ் அடித்து வயதை வரவழைத்திருக்கிறார்கள். கழுத்தும் பிக்கப்களும் 1965தான். மறுபூச்சு அடித்த பழைய கிட்டாரின் விலை ஏறக்குறைய பாதியாகிவிடும் என்பது இந்த வணிகத்தில் பொதுவாகச் சொல்லும் கணக்கு. விற்றவரின் தொலைபேசி எண் அதற்குள் மாறிவிட்டது. கணவரிடம் சொல்ல எனக்கு மூன்று நாள் ஆயிற்று. என்னை வருத்தியது பணம் பாதி. 1998இல் நான் செய்ததையே வேறொருவர் காசுக்காகச் செய்திருக்கிறார், அதையும் நான் அழகு என்று நம்பியிருக்கிறேன் என்பது மீதி.

அன்று முதல் நான் விடாமல் கடைப்பிடிப்பவை இவை. இரவில் பார்ப்பதில்லை, கடைக்குள் பார்த்தாலும், கேட்டு, வாசலுக்கு எடுத்துவந்து பகல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கிறேன். பிக்கார்டைக் கழற்றிக் காட்டச் சொல்லித் தயங்காமல் கேட்கிறேன், மறுப்பவரிடம் வாங்குவதில்லை. சிம் லிம் டவரில் சில வெள்ளிக்குக் கிடைக்கும் புற ஊதா டார்ச் ஒன்று பையில் இருக்கும். பழைய நைட்ரோ பூச்சு அதன் ஒளியில் மஞ்சள் கலந்த பச்சையாக மெல்ல ஒளிரும். புதிதாக அடித்த இடம் திட்டாக, இருட்டாகத் தனித்துத் தெரியும். ஒட்டிய கழுத்துகூட பெரும்பாலும் அதில் தப்பாது.

உள்ளே குமிழ்களின் அடியில் இருக்கும் மின்தடைப் பாகங்களில் எண் பொறித்திருக்கும். 304இல் தொடங்கினால் ஸ்டாக்போல் நிறுவனம் செய்தது, 137இல் தொடங்கினால் சிடிஎஸ் நிறுவனம் செய்தது; அடுத்த இலக்கங்கள் ஆண்டும் வாரமும். 137 6530 என்றால் 1965ஆம் ஆண்டின் 30ஆம் வாரம் செய்தது. அந்தத் தேதிக்கு முன் கிட்டார் பிறந்திருக்க முடியாது என்று மட்டுமே அது சொல்லும். வாங்கிக் குவித்த பாகங்களைத் தொழிற்சாலைகள் சில ஆண்டுகள் வைத்துப் பயன்படுத்தியது உண்டு. கழுத்தைக் கழற்றினால் அடிமுனையில் தேதி முத்திரை இருக்கலாம். கழற்றுவதைத் தெரிந்தவர் கையில் விட்டுவிடுங்கள்.

இன்னொன்று நம் ஊருக்கே உரியது. பழைய நைட்ரோ பூச்சில் சிலந்தி வலை போல நுண்விரிசல்கள் ஓடும். பலருக்கு அதுவே பழமையின் அடையாளம். குளிரில் கிடந்த கிட்டாரைச் சூடான அறையில் திறக்கும்போது மரம் ஒரு வேகத்திலும் பூச்சு வேறு வேகத்திலும் விரிவதால் வருபவை அவை. பனி விழும் நாடுகளின் கையெழுத்து. "புதிதாக வாங்கியதிலிருந்து சிங்கப்பூரை விட்டு நகரவில்லை" என்று ஒருவர் சொல்லி, கிட்டார் முழுக்க அந்த விரிசல் இருந்தால் மேலும் இரண்டு கேள்வி கேளுங்கள். இங்கே வாழ்ந்த கிட்டாரின் அடையாளம் வேறு: துருவேறிய திருகுகள், கறுத்த தந்திப் பாலம், முலாம் கொப்பளித்த பிக்கப் மூடி, பெட்டியைத் திறந்தவுடன் வீசும் பூஞ்சை வாடை. 1990-களிலிருந்து தொழிற்சாலைகளே புதிய கிட்டாரை அடித்துத் தேய்த்துப் பழையது போலச் செய்து விற்கின்றன. தெரிந்து வாங்கினால் அதில் தவறில்லை. ஆனால் உராய்வு எங்கே இருக்க வேண்டும் என்று யோசித்துப் பார்த்தால் கண் பிரித்துவிடும்: யாருடைய கையும் உடம்பும் படாத இடத்தில் தேய்மானம் இருக்காது.

வாங்கிய பிறகு அதன் தோற்றத்தைக் காப்பது தனி வேலை. நம் காற்றின் ஈரப்பதம் விடியலுக்கு முன் 90 விழுக்காட்டைத் தாண்டும். மழையில்லாத பிற்பகலில் 60 வரை இறங்கும். கிட்டாருக்கு 45 முதல் 55 வரை நல்லது. இரவெல்லாம் குளிர்சாதனம், பகலெல்லாம் மூடிய அறை என்று மாறி மாறி வைப்பது நிலையான ஈரத்தைவிடக் கெடுதல். கழுத்து நாளுக்கொரு வளைவு காட்டும். கேமராவுக்கு வாங்கும் உலர்பெட்டி கிட்டார் அளவிலும் இங்கே கிடைக்கிறது. நான் அதை வாங்க ஐந்து ஆண்டு தள்ளிப்போட்டேன். அந்த ஐந்து ஆண்டில் ஒரு செல்லுலாய்டு விளிம்பு நொறுங்கிப் பொடியாகிவிட்டது. ரப்பர் வைத்த தாங்கியில் பழைய நைட்ரோ கிட்டாரை ஒருபோதும் நிறுத்தாதீர்கள். ரப்பர் பூச்சோடு வினைபுரிந்து இளக்கி, ஆறாத தழும்பாக்கிவிடும். பருத்தித் துணி சுற்றினால் தீர்ந்தது. துடைக்கக் காய்ந்த வேட்டித் துணி போதும். மினுக்கும் திரவம் எதுவும் வேண்டாம்.

வெளிநாட்டிலிருந்து வரவழைப்பவர்களுக்கு ஒன்று. 1960-களின் நடுவரை வந்த பல அமெரிக்கக் கிட்டார்களின் விரல்பலகை பிரேசில் ரோஸ்வுட். 1992 முதல் அந்த மரம் பன்னாட்டு வணிகத்தில் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. அனுமதிச் சீட்டுக்குத் தேசியப் பூங்காக் கழகத்தை முன்கூட்டியே அணுகுங்கள். 9 விழுக்காடு பொருள் சேவை வரியையும் விலையோடு கூட்டிப் பாருங்கள்.

இத்தனையும் அமெரிக்கக் கிட்டார்களைப் பற்றி. மனத்துக்குள் நான் திரும்பித் திரும்பிப் போவது பெரியப்பா வாங்கியது போன்ற 1960-களின் ஜப்பானியக் கிட்டார்களிடம். டெஸ்கோ, குயாட்டோன், இன்னும் தலையில் பெயரே இல்லாதவை. கோடு போட்ட உலோக பிக்கார்டு, சிலவற்றில் நான்கு பிக்கப், ஒவ்வொன்றுக்கும் ஒரு சுவிட்சு. விமானி அறையைப் பார்ப்பது போல இருக்கும். இத்தாலியின் ரெக்கனாட்டியில் அக்கார்டியன் செய்தவர்கள் செய்த எக்கோ கிட்டார்கள் மேலே மினுக்குப் பிளாஸ்டிக் போர்த்தி, அக்கார்டியன் பொத்தான்களையே வைத்துக்கொண்டு வந்தன. அமெரிக்காவில் டேன்எலெக்ட்ரோ அழுத்திய அட்டைப்பலகையில் உடல் செய்து, உதட்டுச்சாயக் குழாயில் பிக்கப்பை அடைத்தது. பணம் குறைவான கைகள் கையில் கிடைத்ததைக் கொண்டு அழகு செய்த வரலாறு இவற்றில் இருக்கிறது. பெரிய பெயர்களைத் துரத்தும் கூட்டம் இவற்றை இன்னும் முழுதாகச் சுற்றி வளைக்கவில்லை. புதிதாகத் தொடங்குபவருக்கு நான் இவற்றையும் 1970-களின் யமஹா எஸ்ஜி வகையையும்தான் சொல்வேன். ஏமாந்தாலும் தாங்கக்கூடிய விலை. பார்ப்பதற்குக் குறைவே இல்லை.

பெரியப்பாவின் கிட்டாரை உப்புத்தாளால் தேய்த்தபோது உள்ளே செம்பழுப்பு மரம் தெரிந்தது நினைவிருக்கிறது. அன்றைய ஜப்பானியத் தொழிற்சாலைகள் தென்கிழக்காசியாவிலிருந்து வாங்கிய லாவான் மரம். நம் வீட்டு நிலைக்கதவுகளுக்குப் போடும் மெராந்தியின் உறவு. நம் பக்கத்துக் காட்டிலிருந்து கப்பலேறிப் போய், கிட்டாராகித் திரும்பி வந்து, செம்பவாங்கில் ஓர் எழுத்தரின் மடியில் உட்கார்ந்திருக்கிறது. அது பெரியப்பாவுக்குத் தெரிந்திருந்தால் எத்தனை மகிழ்ந்திருப்பார்! 2009இல் அவர் காலமான பிறகு பெரியம்மா அதை என்னிடமே கொடுத்துவிட்டார்கள். மறுபடி சிவப்பு அடிக்கலாமே என்று பலர் சொன்னார்கள். அடிக்கவில்லை. தகட்டின் அடியில் இருக்கும் அந்த இரண்டு விரல் சிவப்புக்குப் பக்கத்தில் வேறொரு சிவப்பை வைக்க எனக்கு மனம் வரவில்லை. தந்தி மாற்றும்போது மட்டும் தகட்டைக் கழற்றிப் பார்ப்பேன்.

வரும் ஞாயிற்றுக்கிழமை தெம்பனிஸில் ஒருவர் 1976ஆம் ஆண்டு யமஹா ஒன்றை விற்கிறார் என்று பார்க்கப் போகிறேன். மாலையில் வசதியா என்று கேட்டார். காலை பத்து மணிக்கு, புளோக்கின் கீழ்த்தளத்தில், வெயில் விழும் பக்கம் சந்திக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். டார்ச்சையும் திருப்புளியையும் இப்போதே பையில் எடுத்து வைத்துவிட்டேன்.